செபாஸ்டியனின் கைகளும் என் வலது ஓரமும்

பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் நான் இருபது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். ஆறு மெஷின், இரண்டு பெஞ்சு, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. லோயர், ஹையர் இரண்டுக்கும் பிள்ளைகள் வருவார்கள். என் பிள்ளைகள் அடித்த தாளைப் பரீட்சை திருத்துகிறவர்கள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. காரணம் வலது ஓரம். இடது ஓரத்தை மெஷினே நேராக வைத்துக்கொள்ளும். வலது ஓரம் அடிக்கிறவள் கையில் இருக்கிறது. வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும். அந்த மணிக்கு அப்புறம் எந்தச் சொல்லை வைப்பது, எதை அடுத்த வரிக்குத் தள்ளுவது என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். சொல்லை உடைத்து நடுவில் கோடு போடுகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. என் தாளில் வலது ஓரம் கட்டின சுவர் மாதிரி நிற்கும். தாட்சாயிணி டீச்சர் என்றால் வலது ஓரம் என்று ஆவடி வரைக்கும் பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செபாஸ்டியன் அண்ணன் வாழ்க்கையில் நான் செய்த காரியம் அந்த ஓரத்தில்தான் நடந்தது.

அவர் முதல் முறை மாடி ஏறி வந்தது எண்பத்து நாலு, மார்ச் மாதம். நல்ல உயரம், மிலிட்டரி கிராப்பு, தேய்த்த சட்டை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இன்னொரு செருப்பு எந்தப் பிளாட்பாரத்துல அண்ணே?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "எங்கனா உழுந்துட்டு இருக்கும் டீச்சரு. போறப்போ பாத்துக்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கால் மரத்துப்போனவருக்கு செருப்பு கழன்றது தெரியாது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். இரண்டு வருஷப் பயிற்சிக்கு அப்புறம் வடக்கே ஒரு வண்டிப் பட்டறையில் பதினாறு வருஷம் ஒரே வேலை. லாரி இன்ஜினைக் கழற்றினால் அதன் பாகங்களெல்லாம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். அவற்றை ஒரு தொட்டியில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று எடுத்துத் தரவேண்டும். தொட்டியில் இருந்தது தண்ணீர் அல்ல. தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும், ஒரு மாதிரி தித்திப்பாக வாசனை அடிக்கும். பட்டறையில் எல்லோரும் அதை மீட்டா பானி என்றுதான் சொல்வார்களாம், இந்தியில் இனிப்புத் தண்ணீர்.

"அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு?" என்று மெஷினில் தாளைச் செருகிக்கொண்டே கேட்டேன்.

"தெர்ல டீச்சரு. ட்ரம்மு மேல நம்பரு தான் போட்டுருக்கும். நாங்க மீட்டா பானின்னு தான் சொல்லுவோம்."

"கைக்கு ஒண்ணும் மாட்டிக்க மாட்டீங்களா?"

"கிளவுஸ் கீது. பெரிய ஆபீசரு பாக்க வர்ற அன்னிக்கு மாட்டிப்போம். அத்த போட்டுகினு சின்ன நட்டெல்லாம் புடிக்க முடியாது."

முப்பத்தாறு வயதில் அவரை மருத்துவக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் உணர்ச்சி இல்லை. பதினைந்து வருஷம் முடித்திருந்ததால் சாதாரணப் பென்ஷன் வந்தது, கஞ்சிக்குக் குறைவில்லை. ஆனால் விடுவிப்புத் தாளில் நோய்க்குக் காரணம் என்ற இடத்தில், ராணுவ வேலையால் வந்தது அல்ல என்று எழுதியிருந்தது. அந்த 'அல்ல'வை எடுக்கவேண்டும். அதற்குத்தான் மேல்முறையீட்டு மனு. ராணுவ வேலையால் வந்தது என்பதற்கு அவர்கள் பயன்படுத்துகிற சொல் அட்ரிபியூட்டபிள். அவர் அதை 'அட்டிரிபூட்டபுள்' என்பார். இங்கிலீஷில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே நீளமான சொல் அதுதான்.

அந்தச் சொல் எதற்கு அவ்வளவு அவசியம் என்று நான் கேட்கவில்லை. அவருடைய மனைவி சகாயம்மாள் ஒருநாள் தானாக வந்து சொன்னாள். அவள் இரண்டு தெரு தள்ளி, கோயில் பக்கத்தில், தையல் மெஷின் வைத்திருந்தாள். பேச ஆரம்பித்தால் ஊசி மாதிரிதான்.

"கை மரத்துப்போச்சுன்னா ஜனங்க இன்னா சொல்லும் டீச்சரு? பெருவியாதி, குஷ்டம்னுதான் சொல்லும். கோயில் பூசையில கையப் புடிச்சு சமாதானம் சொல்றப்போ பக்கத்துல நிக்கிறவன் கும்பிடு போட்டுட்டு திரும்பிக்கிறான். நாங்க போயி டெஸ்ட்டு எடுத்துட்டோம். ஒண்ணும் இல்லன்னு சீட்டு குடுத்துட்டான். அந்தச் சீட்ட எவன்கிட்ட காட்றது? மேல எந்த ஆஸ்பத்திரின்னு பெரிசா போட்டுகீது. அத்தப் பாத்தா, ஓ, அங்க போய்ட்டு வந்துகீறியான்னு கேப்பான்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. என் இன்ஸ்டிடியூட்டுக்குக் கீழே கஜபதியின் டீக்கடை இருந்தது. பெஞ்சுக்கு மேலே பலகையில் கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருக்கும். பலகையின் கோடியில் ஒரு கிளாஸ் மட்டும் தனியாக இருக்கும், அடியில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு புள்ளி. செபாஸ்டியன் அண்ணன் போனால் கஜபதி அந்தக் கிளாஸை எடுப்பார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். "வா அண்ணாத்தே, குந்து" என்பார், டீயை நிறைய ஊற்றுவார், பெஞ்சின் ஓரத்தில் வைப்பார். அண்ணன் எடுத்துக் குடித்துவிட்டு, அவரே கழுவி, அவரே கோடியில் கவிழ்த்துவிட்டுப் போவார். மேலே ஜன்னலிலிருந்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கஜபதியிடம் போய் இது என்ன நியாயம் என்று கேட்டேனா? கேட்கவில்லை. தினமும் இரண்டு டீ அவர் கடையில்தான் வாங்கினேன்.

"அந்தப் பேப்பர் வரட்டும் டீச்சரு. மொதல்ல கீழதான் போவேன்" என்று செபாஸ்டியன் அண்ணன் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த முதல் மனுவுக்கு வருகிறேன். நோய் வந்த விதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். அவர் சொன்னது இது. எண்பத்தொன்றில் சர்ச்சின் பங்குத் திருவிழாவுக்காக லீவில் வந்திருக்கிறார். சாயங்காலம் தேர் கிளம்பியது. எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. காற்றில் மெழுகு உருகி அவர் விரல் மேல் வழிகிறது, மணிக்கட்டு வரை வழிகிறது. மற்றவர்கள் ஆ ஊ என்று கையை உதறுகிறார்கள், வர்த்தியை மாற்றிப் பிடிக்கிறார்கள். இவர் அசையவில்லை. ஜபமாலை சொல்லிக்கொண்டே நடக்கிறார். பார்த்த பெண்களெல்லாம் நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். சகாயம்மாளுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. "பட்டாளத்துக்குப் போயும் பக்தி கொறையல பாரு" என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் விரலெல்லாம் கொப்புளம். மெழுகை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அப்போதும் வலிக்கவில்லை.

"அப்பதான் டீச்சரு தெரிஞ்சுது" என்றார்.

"பட்டறையில தெரியலையா?"

"அங்க எப்பவும் கை அந்தத் தண்ணிக்குள்ளதான கீது. ஜில்லுனு இருக்கும். குளிர்ல மரத்துப்போச்சா, நெஜமாவே மரத்துப்போச்சான்னு எவனுக்குத் தெரியும்? லீவுல ஊட்டுக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது."

தெரிந்தது. இந்தச் சொல்லை முதல் தாளில் நான் சரியாகத்தான் அடித்தேன். முதன்முதலில் தெரிய வந்தது என்று அர்த்தம் வரும்படி, நீளமாக. மணி அடித்துவிட்டது. வரி ஓரம் தாண்டிப் போய்விட்டது. சொல்லை உடைக்கவேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் பெரிய பள்ளம் விழும். தாளை உருவிப் போட்டுவிட்டு வேறு தாள் செருகினேன். அதே இடத்துக்கு வந்தபோது யோசித்தேன், இதற்கு இவ்வளவு நீளம் எதற்கு? சின்னதாக ஒரு சொல் கிடைத்தது. 'ஸ்டார்டட்'. ஆரம்பித்தது. நோய் லீவில் வீட்டில் இருந்தபோது ஆரம்பித்தது. அளவெடுத்தது போல வரி முடிந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பேனா விரல் நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார், பார்த்துக்கொண்டே இருக்கும்போது நழுவும். கைநாட்டு வைக்கலாம் என்றேன். பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டவன், கைநாட்டு வைக்கமாட்டேன் என்றார். அதனால் அவர் கையை என் கைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்த பக்கம் என் கையும் போயிற்று. எஸ் என்ற எழுத்தில் ஆரம்பித்து அவர் பெயர் தாளில் வந்தது. எனக்கு அதில் பெரிய மனசெல்லாம் இல்லை. மை சிந்தித் தாள் வீணாகிவிட்டால் மறுபடி அடிக்கவேண்டுமே என்ற கவலைதான்.

எண்பத்தாறில் பதில் வந்தது. பழுப்புக் கவரில் இரண்டு வரி. மனு பரிசீலிக்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை. காரணம் சொல்லவில்லை. இரண்டாவது மனு அடித்தோம், எண்பத்தொன்பதில் அதற்கும் இரண்டு வரி. அப்புறம் ஒரு நினைவூட்டல், அதற்கு ஒரு நினைவூட்டல். ஒவ்வொரு தடவையும் அவர் மாடி ஏறி வருவார், நான் அடிப்பேன், கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவேன். நோய் வந்த விதத்தை மறுபடி கேட்க நான் மெனக்கெடவில்லை. பழைய நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே அப்படியே அடித்தேன். அந்த ஒரு வரியை ஒன்பது வருஷத்தில் பதினோரு தடவை அடித்திருக்கிறேன். பதினோரு தடவையும் ஓரம் நேராக வந்தது.

அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், சொல்ல அதிகமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் யாரோ கையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், போய்விட்டது. சட்டைப் பித்தானைக் கண்ணாடியில் பார்த்துப் போட்டார். சோற்றைப் பிசையும்போது சூடு தெரியாது என்பதால் சகாயம்மாள் முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "ம், துண்ணு" என்பாள். மழைக்காலத்தில் பாதத்தில் ஆணி குத்தி, மூன்று நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். அதை என்னிடம் சொன்னபோது ஸ்டேஷனில் மின்சார ரயில் பத்து நிமிஷம் லேட் என்று சொல்கிற குரலில் சொன்னார். மனசும் கை மாதிரியே ஆகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. வரவர எனக்குமே அப்படித்தான். அவர் படியேறுகிற சத்தம் கேட்டால் கார்பன் பேப்பரை எடுத்து வைப்பேன், அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டில் வீரராகவன் என்று ஒரு வக்கீல் கிடைத்தார். ஆவடியில் வீடு, ஐகோர்ட்டில் தொழில். அவருடைய அப்பாவும் பட்டாளத்துக்காரர், அதனால் முன்னாள் ராணுவத்தினர் வழக்குக்குப் பேசி ஃபீஸ் வாங்கமாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். அவர் ரிட் மனு போட்டார். மறு வருஷம் அரசு தரப்பிலிருந்து பதில் மனு வந்தது, எட்டுப் பக்கம். அதன் நகல் நாலு வேண்டும் என்று அவருடைய ஆள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அடித்துக்கொண்டே போனேன். ஐந்தாம் பக்கத்தில் கை நின்றது. மனுதாரர் தன் கையெழுத்திட்ட முறையீட்டிலேயே, இந்த நோய் தான் லீவில் வீட்டில் இருந்தபோது ஆரம்பித்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒருமுறை அல்ல, தொடர்ந்து எல்லா மனுக்களிலும் அவ்வாறே கூறியிருக்கிறார், ஆகவே இது ராணுவ வேலையால் வந்ததாகக் கருத இடமில்லை. மேற்கோள் குறிக்குள் அந்த வாக்கியம் இருந்தது. அது அவருடைய வாக்கியம் இல்லை. என்னுடையது. அந்த 'ஸ்டார்டட்' என்னுடையது.

மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஐந்து பேர் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னிடம் தாளைக் காட்டி, "டீச்சர், ரைட் மார்ஜின் ஓகேவா?" என்று கேட்டாள். நான் அவளை எதற்கோ திட்டிவிட்டேன். பாவம், அவளுக்கு இன்றுவரை எதற்கென்று தெரியாது.

மூன்று வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில் என் மனசு போன போக்கை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பட்டறையில் கை மரத்தது நிஜம்தானே, ஒரு சொல்லிலா எல்லாம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது, கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன். வாசலில் 'இங்கிலீஷ் ஹையர், உத்தரவாதம்' என்று போர்டு வைத்திருந்தேன். இது வெளியே தெரிந்தால் அந்த போர்டுக்குக் கீழே நின்று சிரிப்பார்கள் என்று பயந்தேன். இதற்கு நடுவில் அவர் இரண்டு தடவை வந்தார், கேஸ் தேதி என்ன என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிப்பன் மாற்றினேன். மாற்றவேண்டிய அவசியமே இல்லாத ரிப்பன்.

மூன்றாம் தடவை வந்தபோது தாங்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்க தெரிஞ்சுதுன்னுதான் சொன்னீங்க. நான் ஆரம்பிச்சுதுன்னு அடிச்சிட்டேன். அத வெச்சுதான் அவங்க எல்லாத்தையும் தள்ளிட்டாங்க. பதினோரு தடவையும் நான்தான் அடிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். "தெரியும் டீச்சரு" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேப்பரு வந்த அன்னிக்கே வக்கீலு சாரு படிச்சு சொல்ட்டாரு. இப்டி எழுதிகீறியே, ஏன்யான்னு கேட்டாரு. ஊட்ல வந்து சகாயத்தாண்ட சொன்னேன். அது கத்திச்சு. உங்கிட்ட வந்து சண்ட போடப் போறேன்னு கெளம்பிச்சு. நாந்தான் உடல."

"ஏன் உடல? வந்து நாலு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடையதோ மாதிரி.

"கோயில்ல தட்டு நீட்றவன் எனக்கு முன்னாடி தட்டக் கீழ வெச்சுடுறான். பேங்க்ல பேனா குடுத்தா மேஜ மேல வெச்சுத் தள்றான். நீ ஒவ்வொரு வாட்டியும் இந்தக் கையப் புடிச்சு கையெழுத்து வாங்குன. எனக்கு நீ புடிச்சது தெரியாது டீச்சரு. பாத்தேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "ஃபேன போடட்டா?" என்று கேட்டார்.

மறுநாள் வீரராகவன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "ஓரம் நேரா வரணும்னா மாத்துனீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, அப்படியே ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதித் தரமுடியுமா, கோர்ட்டில் படிப்பார்கள், உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றார். தருகிறேன் என்றேன். அதை நானே அடித்தேன். எனக்கு இங்கிலீஷில் போதுமான பயிற்சி இல்லை, ஓரம் நேராக வரவேண்டுமென்று சின்னச் சொல்லாகப் போட்டேன், மனுதாரர் தமிழில் சொன்ன சொல் வேறு, நான் அடித்த சொல் வேறு என்று. ஒரு இடத்தில் மணி அடித்தது, சொல் நீளம், உடைத்துக் கோடு போட்டேன்.

கோர்ட்டில் அதைப் படித்தபோது யாரோ சிரித்தார்கள். பரவாயில்லை. லீவில் இருக்கிற சிப்பாயும் டூட்டியில் இருக்கிற சிப்பாய்தான் என்று வீரராகவன் வேறு வாதம் செய்தார். தொண்ணூற்றைந்தில் மறுபடி மருத்துவக் குழு பார்க்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. குழுவில் ஒரு டாக்டர் அந்தத் தண்ணீரின் பெயரைக் கேட்டார். அண்ணன் மீட்டா பானி என்றார். இன்னொரு டாக்டர் கைகளை ஊசியால் குத்திக்கொண்டே வந்து, முழங்கைக்கு மேலே போனதும் அவர் துள்ளினதைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் எதிர் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது, என் ஆறு மெஷின் மூன்றாயிற்று. 'இங்கிலீஷ் ஹையர், உத்தரவாதம்' போர்டை நானே கழற்றினேன்.

தொண்ணூற்றேழு ஜூலையில் பழுப்புக் கவர் வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கம். அவர் வீட்டில் பிரிக்கவில்லை, அப்படியே மாடிக்கு எடுத்துக்கொண்டு வந்தார். கூட சகாயம்மாளும் வந்தாள். படித்தேன்.

"வந்துட்டுதா டீச்சரு? அட்டிரிபூட்டபுள்னு போட்டுகீதா?"

போடவில்லை. வேறு சொல் போட்டிருந்தார்கள். நோய் ராணுவ வேலையால் வந்தது என்று சொல்வதற்கில்லை, ஆரம்பம் எங்கே என்பதில் மனுதாரரின் வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஆனால் ராணுவ வேலையால் அதிகமானது என்று ஏற்கப்படுகிறது. ஊனத்துக்கான பென்ஷன் உண்டு. அதிகமானது என்பதற்கு அவர்கள் போட்ட சொல் 'அக்ரவேட்டட்'. பதின்மூன்று வருஷம் கழித்தும் என் சொல் அந்தத் தாளுக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது. இருப்பதை இருப்பது போலவே தமிழில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அதுனால வர்ல. ஆனா அதுனால ஜாஸ்தியாச்சு" என்று அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "அப்ப எதுனால வந்துதாம்?"

"அத அவங்க சொல்லல அண்ணே."

"பாதி குடுத்துகீறான்" என்றாள் சகாயம்மாள். அவளுக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் தாளை வாங்கினார். விரல்கள் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். "வா டீச்சரு, கீழ போலாம்" என்றார்.

கஜபதிக்கு வயதாகிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார். அந்த வருஷம் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளிலெல்லாம் பிளாஸ்டிக் கப் வந்துவிட்டது, அவர் கடையிலும். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக் கப்பில் குடித்துவிட்டுக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் புள்ளி கிளாஸ் போன இடம் தெரியவில்லை. கடைசியாக அதை எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

செபாஸ்டியன் அண்ணன் தாளை டீ பாய்லர் பக்கத்தில் விரித்து வைத்தார். கஜபதிக்கு இங்கிலீஷ் தெரியாது. குனிந்து முத்திரையைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, பென்ஷன் ஏறிச்சா? நல்ல சேதிதான். குந்து குந்து" என்று ஒரு வெள்ளைக் கப்பை எடுத்தார்.

"அதுல வேணாம் கஜா. கிளாஸ்ல குடு."

"கிளாஸு இப்பல்லாம் யார் கேக்கறாங்கோ. அல்லாம் தூசி புட்ச்சு கெடக்குது."

"பரவால்ல. குடு."

மேல் பலகையில் எட்டுப் பத்து கிளாஸ்கள் ஒட்டடையோடு கவிழ்ந்து கிடந்தன. கஜபதி நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவி வைத்தார். செபாஸ்டியன் அண்ணன் அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவர் பார்ப்பதைக் கஜபதி பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து, மாட்டிக்கொண்டு, டீயை ஆற்றி நுரை வர ஊற்றினார்.

செபாஸ்டியன் அண்ணன் கிளாஸைக் கை முழுக்கச் சுற்றிப் பிடித்தார். பாய்லரிலிருந்து இறங்கின டீ. நமக்கெல்லாம் விளிம்பில்கூட விரல் வைக்க முடியாது. அவர் உள்ளங்கை சிவந்துகொண்டு வந்தது.

"அண்ணே, கீழ வைங்க. கொப்புளிச்சுடும்."

வைக்கவில்லை. "சுடுதா டீச்சரு?" என்று கேட்டார்.

அவர் கையோடு சேர்த்து நான் கிளாஸைப் பிடித்துப் பார்த்தேன். பொறுக்க முடிகிற வரைக்கும் பிடித்திருந்தேன்.

"சுடுது அண்ணே" என்றேன்.

"சரி" என்றார். சூடு தெரிகிறவர்கள் குடிப்பது போல ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்துக் கிளாஸைக் கழுவி, எழுந்து நின்று, பலகையில் மற்ற கிளாஸ்களுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தார்.